பதினான்காவது கை

"பாலையூற்றுத் தையல்கார திரேசாக்கா எங்கே இருந்தாலும் உடனடியாக மைதானத்துக்குள்ளே வரவும். நூல் வெட்டும் பிளேட்டோடு வரவும்."

ஒலிபெருக்கியில் இப்படித்தான் கூப்பிட்டார்கள். இரண்டு தரம் கூப்பிட்டார்கள். நான் மதிலோரம் நின்று கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்தேன். பின்னேரம் மூன்றரை மணி. துறைமுகப் பக்கமிருந்து வந்த காற்றில் டீசல் மணம்.

பக்கத்தில் நின்றவர் சிரித்தார். "ஆருக்கோ காற்சட்டை கிழிஞ்சிட்டுது போல" என்றார்.

நானும் சிரித்தேன். பிறகுதான் மைதானத்தைப் பார்த்தேன். ஆட்ட மத்தியஸ்தர் விசிலோடு நடுவில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். எங்கள் கழகத்துப் பொடியன்கள் பதினான்கு பேரும் கோல் கம்பத்துக்குக் கிட்ட ஒரு வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவரின் இடது கையிலும் நான் தைத்த கறுப்புப் பட்டி.

எனக்கு விளங்கிவிட்டது. கச்சானைக் கீழே கொட்டினேன்.

போன கிழமை இந்தப் பத்திரிகையில் என் தம்பி சேவியரைக் கொண்டுபோன நாளைப் பற்றி எழுதியிருந்தேன். உதைபந்தாட்டப் பயிற்சி முடிந்து சைக்கிளில் வந்தவனை ஒரு வெள்ளை வானில் ஏற்றினார்கள். சைக்கிள் மட்டும் வீட்டுக்கு வந்தது. அப்போது அவன் மகன் ஜெறோமுக்கு மூன்று வயது. அதை வாசித்துவிட்டு நாலைந்து பேர், "ஜெறோமின்ர கதையை எழுதுங்கோ, அந்த மைதானத்துக் கதையை எழுதுங்கோ, வாசிக்கப் பெருமையா இருக்கும்" என்று கேட்டார்கள்.

எழுதுகிறேன். பெருமையாக இருக்காது.

பட்டி

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். தையல் மட்டும்தான் தெரியும். எங்கள் கோயில் பங்கின் உதைபந்தாட்டக் கழகத்துக்கு இருபது வருடத்துக்கு மேலாக நான்தான் ஜேர்சி தைக்கிறேன். யாருக்குத் தோள் அகலம், யாருக்கு வயிறு வைத்துவிட்டது, யார் போன வருடத்துச் சட்டையையே போட்டுக்கொண்டு காசை மிச்சம் பிடிக்கிறான், எல்லாம் தெரியும்.

கழகத்துக்காக விளையாடி, பிறகு காணாமல் ஆக்கப்பட்டவர்கள் மூன்று பேர். சேவியர் ஒருவன். வருடா வருடம் இறுதிப்போட்டிக்கு வந்தால் கறுப்புப் பட்டி கட்டுவோம் என்று பொடியன்கள் சொல்லுவார்கள். நான் சொல்லப்போகும் மேட்சுக்கு முதல் வருடம் இறுதிக்கு வந்தார்கள், கட்டினார்கள். சட்டையில் சேஃப்டி பின் குத்தித்தான் கட்டியிருந்தார்கள். யாரோ ஒரு அதிகாரி விரலைக் காட்டினார். பத்து விநாடி. எல்லாம் கழன்று காற்சட்டைப் பைக்குள் போய்விட்டது.

எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி முடியாது. நாங்கள் வருடக்கணக்காக வீதியோரம் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்களைப் பிடித்துக்கொண்டு குந்தியிருக்கிறோம். பஸ்ஸில் போகிறவர்கள் மட்டும் பார்ப்பார்கள். அதுவும் பஸ் நின்றால்தான். மைதானத்தில் ஐயாயிரம் பேர் பார்த்திருப்பார்கள். அதைப் பைக்குள் போட்டுவிட்டு விளையாடினார்கள்.

அடுத்த வருடமும் இறுதிக்கு வந்தபோது, கப்டன் றொஷான் ஒரு பையில் கறுப்புத் துணியும் ஒரு பெட்டி பின்னும் கொண்டுவந்தான்.

"பின்னைக் கொண்டுபோய்க் கடலில போடு" என்றேன். "இந்த முறை நான் தைக்கிறன்."

சும்மா தைக்கவில்லை. ஒவ்வொரு சட்டைக் கையின் பக்கத் தையலையும் பிரித்து, பட்டியின் இரண்டு முனையையும் உள்ளே விட்டு, இரட்டைத் தையல் போட்டேன். மேலும் கீழும் விளிம்போடு சேர்த்து ஓட்டினேன். இழுத்தால் பட்டி வராது, சட்டைதான் கிழியும். கிழிந்த சட்டையோடு விளையாட விடமாட்டார்கள். கழகத்திடம் மாற்றுச் சட்டை கிடையாது. எல்லாம் யோசித்துத்தான் செய்தேன். அவர்கள் விரலைக் காட்டினாலும் இவர்களால் கழட்ட ஏலாது என்று நினைத்தேன்.

என்னைக் கூப்பிட்டால் நான் கழட்டலாம் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

எல்லாருக்கும் தடிமன்

எங்கள் ஊரில் விளையாட்டுப் பார்ப்பதற்கும் ஒரு பயிற்சி வேண்டும். யுத்தக் காலத்தில் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில்தான் ரீவி இருந்தது. கிரிக்கெட் என்றால் முப்பது பேர் கூடிவிடுவோம். சந்தியில் ஆமிக் காவலரண். நாட்டு அணியின் விக்கெட் விழுந்தால் கை தட்ட ஏலாது. அதனால் இருமுவோம். யார் தொடங்கி வைத்த பழக்கமோ தெரியாது. விக்கெட் விழும், முப்பது பேரும் இருமுவார்கள். நல்ல விக்கெட் என்றால் நீளமாக இருமுவார்கள்.

ஒருநாள் காவலரணில் நின்ற ஆமிக்காரன் யன்னலால் எட்டிப் பார்த்து ஸ்கோர் கேட்டான். அவனும் சின்னப் பொடியன்தான். சொன்னோம். முகம் வாடிவிட்டது. பிறகு தனக்குத் தெரிந்த தமிழில், "எல்லாருக்கும் தடிமன்?" என்று கேட்டான். ஓம் என்றோம். மத்தியானம் எங்கிருந்தோ கொத்தமல்லிப் பக்கற் ஒன்று கொண்டுவந்து தந்தான். அவனை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் ஒரு இல்லத்துப் பிள்ளைகள் தங்கள் அணிப் பந்தலுக்கு அலங்காரமாக ஓலையால் படகு கட்டி வைத்தார்கள். மீன்பிடிப் படகு. இது எந்தப் படகு, ஆருடைய படகு, இயக்கத்துப் படகோ, ஏன் மூக்கு இவ்வளவு கூர் என்று கேட்டு, ஆமிக்காரர் ரீச்சரை ஒரு பின்னேரம் முழுக்கக் கதிரையில் இருத்தி வைத்திருந்தார்கள். அடுத்த வருடம் அந்த இல்லம் பூச்சாடி கட்டியது.

இதையெல்லாம் அரசியல் என்பார்கள். சரி. நான் சொல்லப்போகும் வருடம், அதே சுற்றுப்போட்டியின் அரையிறுதியில் சீருடைக்காரரின் அணி ஒன்று விளையாடியது. யுத்தத்தில் செத்த படையினரை நினைத்து நெஞ்சில் நாடா குத்திக்கொண்டு வந்தார்கள். எல்லாரும் இரண்டு நிமிடம் எழும்பி நிற்க வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நானும் எழும்பினேன். செத்தவர்களுக்கும் தாய் இருப்பாள். அதில் எனக்குக் கோபமில்லை. அந்த நாடாவைக் கழட்டச் சொல்லி மத்தியஸ்தர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நிற்கவில்லை. அதில்தான் கோபம்.

பிளேட்

மைதானத்துக்குள் நான் நடந்து போனபோது போட்டிக் குழுச் செயலாளர் எதிரே வந்தார். எங்களுக்கெல்லாம் கணக்குப் படிப்பித்த மாஸ்டர். நல்ல மனுசன்.

"பிள்ளை, என்னைப் பார்க்காதேங்கோ" என்றார். "பந்தலுக்குள்ள இருக்கிறவையைப் பாருங்கோ. பட்டியோட விளையாடினால் கிண்ணம் மற்ற அணிக்காம். கழகம் ரெண்டு வருசத்துக்கு வெளியில."

பந்தலுக்குள் சிவில் உடுப்பில் புலனாய்வுக்காரர் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் சோடா குடித்துக்கொண்டிருந்தார். அவர்களுக்கு இரண்டு கதிரை தள்ளி நீலத் தொப்பி போட்ட ஒருவர்.

அந்த நீலத் தொப்பிக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொழும்பில் ஒரு அரசாங்கத் திணைக்கள அணியின் பொறுப்பாளர். அரையிறுதியில் ஜெறோமின் விளையாட்டைப் பார்த்துவிட்டு வீட்டுக்கே வந்தவர். இறுதிப்போட்டியிலும் இப்படி விளையாடினால் அணியில் இடம், திணைக்களத்தில் நிரந்தர வேலை, ஒரு மாதத்தில் கடிதம் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஜெறோம் அப்போது துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் கொம்பனியில் கட்டி சுமந்துகொண்டிருந்தான். இருபத்திநாலு வயதில் தோள் தோலெல்லாம் வெடித்திருந்தது. அவன் தாய் லூர்து விடிய எழும்பி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவள். அந்தக் கிழமை முழுக்க அவன், "இந்த ஒரு மேட்ச்தான் மாமி" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

சனம் பொறுமை இழந்துவிட்டது. பொடியன்கள் பட்டியோடு ஓடிவந்தபோது எழும்பி நின்று கை தட்டிய அதே சனம்.

"வெட்டுங்கோ அக்கா, மேட்ச் பார்க்க வேணும்."

"தையல் கிளாஸை நாளைக்கு வையுங்கோ."

"இருட்டப் போகுது, கெதியா."

முதலில் கோல் காப்பாளன். கையை நீட்டிவிட்டு வானத்தைப் பார்த்தான். கைப்பைக்குள் எப்போதும் கடதாசியில் மடித்து வைத்திருக்கும் பிளேட்டை எடுத்து, நான் போட்ட தையலை நானே பிரித்தேன். சட்டை கிழியக் கூடாது. ஒவ்வொரு நூலாக வெட்ட வேண்டும். ஒரு கைக்கு இரண்டு நிமிடம் பிடித்தது. வியர்வையும் நோவெண்ணெயும் சேர்ந்த மணம்.

"மாமி, கையையும் சேத்து வெட்டிப்போடாதேங்கோ" என்று ஒருவன் பகிடி விட்டான். யாரும் சிரிக்கவில்லை. றொஷான் "சொறி அக்கா" என்று சொல்லிவிட்டு மத்தியஸ்தரிடம் கதைக்கப் போய்விட்டான். ஒருவன் அழுதான். வெட்டி எடுத்த பட்டிகளைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டே போனேன். வெட்டி முடிந்தவர்கள் எங்களுக்குப் பின்னால், சனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டபடி நின்றார்கள்.

ஒவ்வொரு கையாக எனக்கு ஆத்திரம் ஏறிக்கொண்டு வந்தது. பந்தலில் இருந்தவர்கள் மேல். கத்துகிற சனத்தின் மேல். கையை நீட்டுகிற பொடியன்கள் மேல். பிளேட்டைப் பிடித்திருக்கும் என் மேல்.

பதின்மூன்று முடிந்தது. பதினான்காவது ஜெறோம்.

இதுவரைக்கும் நான் சொன்னதெல்லாம் ஊருக்குத் தெரியும். இனிச் சொல்வது தெரியாது.

ஜெறோம் கையை நீட்டினான்.

நீட்டியது மட்டுமில்லை. எனக்கு வெட்டச் சுகமாக இருக்க வேண்டும் என்று, சட்டைக் கையை மற்றக் கையால் இழுத்துப் பிடித்து, தையல் தெரியும்படி திருப்பித் தந்தான். "மாமி, கெதியா" என்றான். கண் பந்தல் பக்கம் இருந்தது.

நான் பட்டியைப் பார்த்தேன். மற்றவர்களுக்கு அது துணி, இவனுக்கு அது தகப்பன் என்று எனக்குப் பட்டது. அவனுக்கும் அப்படிப் படுகிறதா என்று நான் கேட்கவில்லை. பிளேட்டைக் கடதாசியில் மடித்தேன். திரும்பினேன். மாஸ்டர் ஐந்தாறு அடி தள்ளிப் பட்டியலைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பின்னால் ஜெறோம் இன்னும் கையை நீட்டியபடி நின்றது அவருக்குத் தெரியவில்லை. நான் மறைத்துக்கொண்டு நின்றேன்.

"இவன் மாட்டானாம்" என்றேன்.

"என்ன?"

"ஜெறோம் வெட்ட விடமாட்டானாம். பட்டியோடதான் விளையாடுவானாம்."

வேண்டுமென்றே உரத்துச் சொன்னேன். முன்வரிசையில் இருந்தவர்களுக்குக் கேட்டது. அவர்கள் பின்னுக்குச் சொன்னார்கள். ஒரு நிமிடத்துக்கு முதல் கெதியா வெட்டு என்று கத்திய சனம் எழும்பிக் கை தட்டத் தொடங்கியது. விசில் அடித்தார்கள். ஜெறோம், ஜெறோம் என்றார்கள்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவன் கை மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தான். வாயைத் திறந்தான். ஆனால் என்ன சொல்லுவான்? ஐயாயிரம் பேர் எழும்பி நிற்க, என்ர அப்பாவின்ர பட்டியை வெட்டுங்கோ என்று ஒரு மகன் எப்படிச் சொல்லுவான்?

மத்தியஸ்தர் வெளியே கையைக் காட்டினார். ஜெறோம் நடந்தான். அந்த நடையைத்தான் எல்லாரும் ஃபோனில் எடுத்தார்கள். கறுப்புப் பட்டி, தனியே ஒருவன், பின்னால் கைதட்டல். அன்று பின்னேரமே முகநூல் முழுக்க அதுதான்.

இரண்டு கோலால் தோற்றோம். நீலத் தொப்பிக்காரர் இடைவேளைக்கு முதலே எழும்பிப் போய்விட்டார்.

வீரன்

அடுத்த நாள் காலமை ஜெறோம் என் வீட்டுக்கு வந்தான். மடித்த ஜேர்சியைத் தையல் மெஷினின் மேல் வைத்தான்.

"கழகத்தின்ர சட்டை மாமி. பட்டியை வெட்டிப்போட்டுக் குடுத்துவிடுங்கோ."

அவ்வளவுதான். தேத்தண்ணி ஊற்றினேன், குடிக்கவில்லை. அவன் போன பிறகு அந்தப் பட்டியை வெட்டினேன். அதற்கும் இரண்டு நிமிடம்தான்.

கொழும்பிலிருந்து கடிதம் வரவில்லை. சிவில் உடுப்பில் இரண்டு பேர் லூர்து வீட்டுக்கு மூன்று தரம் வந்தார்கள். ஆர் சொல்லிச் செய்தனீ, வெளிநாட்டிலிருந்து ஆர் கதைத்தவை என்று கேட்டார்கள். தாய்க்கு முன்னால் கேட்டார்கள். மூன்றாம் தரம் வந்து போன பிறகு, கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம் என்று ஐஸ் கொம்பனியில் சொல்லிவிட்டார்கள். கொஞ்ச நாள் நாலு மாதம் ஆனது. பிறகு கட்டாருக்குப் போனான். ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிறான். போய் இரண்டு வருடம். பந்தைத் தொட்டதில்லையாம்.

இங்கே அவனுடைய பெயர் வேறு மாதிரி வளர்ந்தது. கை நீட்ட மறுத்த வீரன் என்று இந்தப் பத்திரிகையிலேயே எழுதினார்கள். வெளிநாட்டில் ஒரு கழகம் அவன் படம் போட்டு ரீசேட் அடித்தது. வீதியோரத்தில் எங்களோடு குந்தியிருக்கும் தாய்மார் என் கையைப் பிடித்து, "உங்கட மருமகன் அல்லவோ பிள்ளை" என்று சொல்லுவார்கள். நானும் ஓம் என்பேன். அவன் மறுத்த கதையை எத்தனையோ பேருக்கு என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன். சொல்லச் சொல்ல நன்றாகச் சொல்லப் பழகிவிட்டேன். பத்திரிகையில் வந்ததை வெட்டி அலுமாரிக் கதவில் ஒட்டியும் வைத்திருந்தேன். எனக்குச் சந்தோசமாக இருந்தது. இதை மறைக்கவில்லை. சேவியரைப் பற்றி முதல்முறையாக ஊர் உரத்துக் கதைத்தது. அதற்கு அவன் பிள்ளையைக் கொடுத்தேன். என்னுடைய பிள்ளை இல்லைத்தானே, சுகமாகக் கொடுத்துவிட்டேன்.

லூர்து வந்தாள்

அந்த மேட்சுக்குப் பிறகு லூர்து என் வாசலுக்கு வரவில்லை. கோயிலில் கண்டால் தலையை ஆட்டுவாள். மகன் தூரப் போன கவலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து நேரே வந்தாள். கையில் இந்தப் பத்திரிகை.

"மச்சாள், அவரைப் பற்றி எழுதியிருக்கிறியள். வாசிச்சனான்."

"இருங்கோ லூர்து." கதிரையை இழுத்துப் போட்டேன். இருக்கவில்லை.

"அடுத்தது ஜெறோமைப் பற்றியோ?"

"ஓம். கேக்கினம்."

"என்னெண்டு எழுதப் போறியள்?"

நான் அலுமாரிக் கதவைப் பார்த்தேன்.

"அண்டைக்கு நான் கோல் கம்பத்துக்குப் பின்னால நிண்டனான்" என்றாள். "முகத்துக்கு நேர வெயில் எண்டு அந்தப் பக்கம் ஒருத்தரும் இல்லை. பிள்ளைக்குத் தண்ணிப் போத்தல் கொண்டு போனனான். அவன் கையை நீட்டினதைக் கண்டனான். நீங்கள் பிளேட்டை மடிச்சதையும் கண்டனான்."

"ஏன் லூர்து இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"சொல்லி? தகப்பனை வேலைக்கு வித்தவன் எண்டு இதே சனம் சொல்லும். வேலையும் போய், அந்தப் பேரும் அவனுக்கு வேணுமோ?"

"நான் சேவியருக்காகத்தான்..."

"தெரியும் மச்சாள். உங்களுக்கு அவர் தம்பி. எனக்கு மனுசன். நானும்தான் வீதியில குந்தியிருந்தனான். ஆனா அவன்ர கை அவன்ர கை." குரலை உயர்த்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "போன கிழமை ஃபோன் எடுத்தவன். அங்க அவனோட அறையில இருக்கிற பெடியள் அந்த வீடியோவைப் போட்டுப் போட்டுப் பாக்கிறாங்களாம். வீரன் எண்டுதான் கூப்பிடுறாங்களாம். அம்மா, நான் வேலைக்காகக் கை நீட்டினனான் எண்டு ஆரிட்டையும் சொல்ல ஏலாமல் இருக்கு எண்டு அழுதான். ரெண்டு வருசமா அந்தப் பொய்யுக்குள்ள இருக்கிறான்."

"நான் இப்ப என்ன செய்ய?"

"எழுதுங்கோ. அவன் நீட்டினவன் எண்டு எழுதுங்கோ. தகப்பனை மறந்து நீட்டேல்லை, வேலை வேணும் எண்டு நீட்டினவன் எண்டும் எழுதுங்கோ. வாசிக்கிறவை என்னத்தையும் சொல்லட்டும்."

"அவனிட்டக் கேட்டனீங்களோ?"

"கேட்டனான்." பத்திரிகையை மெஷினின் மேல் வைத்தாள். "மாமி எழுதமாட்டா எண்டவன்."

போய்விட்டாள்.

ஜெறோம், நீ கையை நீட்டினாய். நான்தான் வெட்டவில்லை. நீ மறுத்ததாகப் பொய் சொன்னதும் நான்தான். இதை உன் அறையில் இருக்கிறவர்களுக்கு வாசித்துக் காட்டு.